பாதிப் புத்தகச் சாமியார்

புத்தகமே படிக்காத மனிதரால் வீட்டில் பெரிய தொந்தரவு கிடையாது. நிறையப் படித்தவர்கள் அநேகமாக அமைதியாகிவிடுகிறார்கள், அவர்களாலும் இல்லை. ஒரு புத்தகத்தைப் பாதிவரை படித்துவிட்டு, அந்த உற்சாகத்திலேயே மூடி வைத்துவிட்டு எழுந்து வருகிறானே, அவனிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். இதை நான் எங்கும் வாசித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, எங்கள் வீட்டு முன்னறையில், இரண்டு குடும்பங்களையும் உட்கார வைத்து நானே நிரூபித்துக் காட்டினேன்.

அப்போது எனக்கு இருபத்துச் சொச்சம் வயது. கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி, பேனாக் கடையில் வேலை. பக்கத்துத் துணிக்கடையில் ஃபஸ்மி இருந்தான். சாரி மடிக்கிற கையால் புத்தகத்தையும் அதே பக்குவத்தோடு புரட்டுகிறவன். மத்தியானம் கடை ஓய்ந்திருக்கும்போது இருவரும் சோற்றுப் பார்சலை எடுத்துக்கொண்டு வாவிக்கரைக்குப் போவோம். அங்கே கரைக்கட்டின்மேல் உட்கார்ந்து, தண்ணீருக்குள் மீன்கள் வாய் பிளப்பதைப் பார்த்துக்கொண்டு அவன் பேசுவான். மனித மனம் எப்படித் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறது, ஒரு விஷயம் உண்மையா என்று விஞ்ஞானிகள் எப்படிச் சோதிக்கிறார்கள், யார் என்ன சொன்னாலும் ‘அதுக்கு என்ன ஆதாரம்?’ என்று ஏன் கேட்க வேண்டும் என்றெல்லாம். எனக்குச் சோறு இறங்காது. இந்த உலகத்தில் எல்லாரும் ஏமாந்துகொண்டிருக்க, ஃபஸ்மியும் நானும் மட்டும் விழித்துக்கொண்டுவிட்டோம் என்று தோன்றும். (மீன்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தன என்று தெரியாது.)

ஒருநாள் அவன் கட்டாயம் படிக்க வேண்டியவை என்று மூன்று புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒன்று உளவியல், முதுகு கிழிந்த தமிழ் மொழிபெயர்ப்பு. இன்னொன்று விஞ்ஞானம் எப்படிச் சிந்திக்கிறது என்பது பற்றியது. மூன்றாவது ஆங்கிலப் புத்தகம். சாத்திரம் சொல்கிறவர்கள், குறி சொல்கிறவர்கள், ஆவியோடு பேசுகிறவர்கள் எல்லாரும் எப்படி ஆட்களை மடக்குகிறார்கள் என்று விளக்குவது. அதன் அட்டையில் ஒரு உள்ளங்கை, அதன் நடுவில் ஒரு கண்.

“இத படிச்சா ஒண்ணு புத்தி வரும், இல்லாட்டி பெரும வரும்” என்றான் ஃபஸ்மி. “எது வந்தாலும் பொஸ்தகத்த கசங்காமக் கொண்டு வா மச்சான்.”

புத்தி வருவதற்கு நான் நேரம் கொடுக்கவில்லை. பெருமை முதல் வாரத்திலேயே வந்துவிட்டது.

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீடு சின்னது. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, அப்பாவுக்கு டவுனில் ஒரு இரும்புக் கடையில் வேலை கிடைத்ததும் வந்து சேர்ந்த வீடு. அந்தச் சின்ன வீட்டுக்குள் நான் ஒரு விசாரணைக் கமிஷன் நடத்தத் தொடங்கினேன். பல்லி சத்தம் போட்டதும் அம்மா சுவரில் தட்டினால், போன தடவை பல்லி கத்தியபோது என்ன நடந்தது, கத்தாதபோது என்ன நடக்கவில்லை என்று கணக்குக் கேட்பேன். அப்பா ராகுகாலம் கழிந்து புறப்படலாம் என்று சொன்னால், ராகுகாலத்தில் புறப்பட்ட பஸ்களுக்கும் மற்ற பஸ்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பேன். அம்மா மிளகாயும் உப்பும் எடுத்து எனக்குச் சுற்றிப்போட வந்தபோது, எனக்கு மட்டும் சுற்றி அக்காவுக்குச் சுற்றாமல் விட்டு இருவரையும் ஒரு மாதம் ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னேன். அம்மா மிளகாயைக் கையில் வைத்துக்கொண்டு என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் போய், பிள்ளைக்கு யாரோ என்னவோ செய்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

அந்த ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் என்னை அப்படியே விழுங்கிவிட்டது. எந்த மனிதருக்கும் பொருந்தக்கூடிய சில வாக்கியங்கள் உண்டாம். அவற்றை முகத்தை உற்றுப் பார்த்து, மெதுவாக, கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னால் கேட்பவர், ‘இது என்னைப் பற்றியேதான்’ என்று நம்பிவிடுவாராம். அகராதியை வைத்துக்கொண்டு அதை வரி வரியாகத் தமிழாக்கினேன். கண்ணாடி முன் நின்று பழகினேன். கடை முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். வெளியில் கண்டிப்பானவர் போலத் தெரிந்தாலும் உள்ளுக்குள் மென்மையானவர், அதை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்று. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அன்று முழுக்க என்னைத் திட்டவேயில்லை. அதோடு நான் புத்தகத்தை மூடிவிட்டேன். இன்னும் பாதி இருந்தது. ஆனால் வித்தை கைக்கு வந்தபின் மீதியை எதற்குப் படிப்பது?

இந்த நேரத்தில்தான் அக்காவுக்குத் தெல்தோட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது.

அக்காவின் பெயர் சுமதி. ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தாள். முன்பும் சில இடங்களிலிருந்து கேட்டு வந்தார்கள், ஜாதகம் வாங்கிக்கொண்டு போனார்கள், பிறகு சத்தமில்லை. அதைப் பற்றி அக்கா ஒன்றும் பேசமாட்டாள், அன்றைக்கு மட்டும் பாத்திரம் கழுவும் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். இந்தத் தெல்தோட்டை மாப்பிள்ளை ராஜேந்திரன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடம் படிப்பிக்கிறவர். போட்டோ வந்த நாளிலிருந்து அக்கா அதை அலுமாரியில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். இந்தத் தடவை பொருத்தம் பிரமாதமாக இருக்கிறதென்று அங்கிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள். அவர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா என்னை வடை வெந்துகொண்டிருந்த குசினிக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

“நீ ஒண்ணுமே பேச வேணாம்டா. சிரிச்சிக்கிட்டு மட்டும் இரு. எனக்காக.”

சத்தியம் செய்தேன். (சத்தியத்தில் நம்பிக்கையில்லை என்று அப்போதே சொல்லியிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும்.)

வேன் வந்தது. மழையும் கூடவே வந்தது. மாப்பிள்ளை, அவருடைய அம்மா லெட்சுமி அம்மா, தாய்மாமன் அர்ச்சுனன், இன்னும் சில உறவுக்காரர்கள். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லாததால் தாய்மாமன்தான் எல்லாம். தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர், அதோடு ஜாதகம் பார்க்கத் தெரிந்தவர். பொருத்தம் பார்த்ததும் அவரே. அப்பா பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கிய கதிரையில் அவரை உட்கார வைத்தார்.

கேக்கும் வடையும் வந்தன. அக்கா வந்து தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்தார், அவளும் சிரித்தாள். அத்தோடு எல்லாரும் எழுந்து போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. மழை விடவில்லை. அர்ச்சுனன் மாமா நேரத்தைக் கடத்த ஜாதகத்தின் மகிமையைப் பேசத் தொடங்கினார். தன் அனுபவத்தில் இப்படியொரு பொருத்தத்தைக் கண்டதேயில்லை, இந்த இரண்டு ஜாதகமும் ஒன்றுக்கொன்று எழுதி வைத்த மாதிரி இருக்கின்றன என்றார். அம்மா எதற்கோ தலையைக் குனிந்துகொண்டாள். லெட்சுமி அம்மா வடையை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தார். அதையெல்லாம் கவனிக்க எனக்கு எங்கே நேரம்? ஆதாரம், ஆதாரம் என்று என் தொண்டைக்குள் ஏதோ முட்டிக்கொண்டிருந்தது.

சிரித்துக்கொண்டே இருந்தேன். பிறகு சிரித்துக்கொண்டே, கிரகங்கள் இருக்கும் தூரத்துக்கு அவற்றுக்குத் தெல்தோட்டை எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டேன். மாமா பொறுமையாக விளக்கினார். நான் பொறுமையில்லாமல் மறுத்தேன். அப்பா இரண்டு தடவை இருமினார். திரை அசைந்தது. கடைசியில் மாமா, ஜாதகமும் பார்க்காமல் ஒரு ஆளின் மனசுக்குள் இருப்பதை யாராலும் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

“என்னால முடியும்” என்றேன்.

திட்டம் மிக எளிமையானது. யாரையாவது பார்த்து அந்த வாக்கியங்களைச் சொல்வது. அவர் ஆச்சரியப்பட்டு ஆமாம் என்பார். உடனே புத்தகத்தை எடுத்துக் காட்டி, இதுதான் சாத்திரக்காரர்களின் வித்தை என்று உடைப்பது. சபை வியந்து போகும். மாமா வெட்கப்படுவார். இருண்ட காலம் முடியும்.

லெட்சுமி அம்மா எனக்கு நேரே உட்கார்ந்து லேசாகச் சிரித்துக்கொண்டிருந்ததால் அவரைத் தேர்ந்தெடுத்தேன். கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தேன். (இது புத்தகத்தில் இல்லை, என் சொந்தச் சேர்க்கை.) வாழ்க்கை முழுக்க அவர் மற்றவர்களுக்காகவே ஓடியிருக்கிறார், அவருக்கென்று யாரும் ஓடவில்லை என்றேன். அவர் சிரிப்பு நின்றது. பெரிய முடிவுகளைத் தனியாகவே எடுக்க வேண்டியிருந்தது என்றேன். தலையாட்டினார். தகரத்தில் மழைச் சத்தம் மட்டும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த அத்தியாயத்தின் மிகச் சிறந்த வாக்கியம் இன்னும் மிச்சமிருந்தது.

“யாருக்கும் சொல்லாத ஒரு விஷயத்த மனசுக்குள்ள பூட்டி வச்சிருக்கீங்கம்மா. இந்த வீட்டு வாசப்படி ஏறும்போதும் அது உங்கள உறுத்துச்சி.”

வடை அவர் கையிலிருந்து மடியில் விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“தம்பிக்கு எப்படித் தெரியும்?” என்று மெதுவாகக் கேட்டார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். “அண்ணே, நான் சொல்லிர்றேன். எம்மவன் ராசாவோட ஜாதகம் நெசம் இல்ல. அவனுக்குச் செவ்வாய் தோஷம். வர்ற எடமெல்லாம் தட்டிப் போவுதேன்னு நான்தான் பொறந்த நேரத்த மாத்தி வேற எழுதி வாங்கினேன்.”

செவ்வாய் தோஷம் என்றால் எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சு அந்த இடத்திலேயே நின்றுவிடும். அர்ச்சுனன் மாமாவின் முகம் எப்படி மாறியது என்பதை என்னால் இன்றும் எழுத முடியவில்லை. தன் தங்கையே பொய்க் குறிப்பைக் கொடுத்திருக்க, அதை வைத்துச் சபையில் இவ்வளவு பாட்டுப் பாடியிருக்கிறோம் என்பது அவருக்குப் புரிய சிறிது நேரம் எடுத்தது. புரிந்ததும் எழுந்தார். வேனை எடுக்கச் சொன்னார். திரைக்குப் பின்னால் ஏதோ கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. அது அக்காவின் சத்தம் என்று எனக்குத் தெரியும்.

ஓடிப்போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தேன். இது வெறும் வித்தை, யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும், எனக்கு ஒன்றுமே தெரியாது என்று கதறாத குறையாகச் சொன்னேன். மாமா அட்டையைப் பார்த்தார். உள்ளங்கை, அதன் நடுவே கண். அவர் ஒரு அடி பின்னால் போய், அந்தப் புத்தகத்தைச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம் என்று அப்பாவுக்கு எச்சரிக்கை செய்தார்.

எனக்கு உதவிக்கு யாரும் இல்லை. ஏதாவது சொல்லு அம்மா என்று கெஞ்சுகிற பார்வையோடு அம்மாவின் பக்கம் திரும்பினேன். நிச்சயமாக அவ்வளவுதான் செய்தேன். வெறுமே பார்த்தேன். அம்மா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள்.

“என்னப் பாக்காதடா” என்றாள். “நானே சொல்லிர்றேன்.”

அப்பா அவளைப் பார்த்தார்.

“சுமதிக்கும் செவ்வாய் இருக்குங்க. முன்ன வந்த எடமெல்லாம் அதனாலதான் போச்சி. நானும் நேரத்த மாத்தித்தான் எழுதி வாங்கினேன்.”

அப்பாவுக்கும் இது புதிய செய்தி. அவர் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு பொய்களைப் பக்கத்தில் வைத்துத்தான் மாமா அப்படியொரு பொருத்தத்தைக் கண்டிருக்கிறார் என்ற பெரிய விஞ்ஞான உண்மை என் கண்முன்னால் கிடந்தது. நான் அத்தனை மாதங்களாகத் தேடிய ஆதாரம். அதைச் சொல்ல வாயைத் திறக்கத் துணிவில்லை.

வாசலில் நின்றிருந்த அர்ச்சுனன் மாமா மெல்லத் திரும்பி வந்தார். இரண்டு அம்மாக்களிடமும் உண்மையான பிறந்த நேரத்தைக் கேட்டார். கலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் கட்டம் போட்டார். விரலை மடக்கினார், நீட்டினார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, செவ்வாய்க்குச் செவ்வாய் சேர்ந்தால் தோஷமே கிடையாது, முன்பு பார்த்தது பொருத்தம் என்றால் இது அதற்கும் அப்பன் என்றார். பொய்யான ஜாதகத்தோடு கல்யாணம் நடந்திருந்தால் மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்திருக்கும், நல்ல வேளை உண்மை வெளியே வந்தது என்றார். அப்புறம் என் முன்னால் வந்து நின்று, அந்தப் பெரிய மனிதர், இரண்டு கையையும் கூப்பினார்.

நான் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக ஒருபோதும் ஜெயித்ததில்லை.

மாப்பிள்ளை கை கழுவ வேண்டும் என்று சொல்லிப் பின்பக்கம் வந்தார். தண்ணீர் ஊற்றப் போனேன். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து பார்த்தேன்; சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அந்த மாதிரிப் புத்தகங்கள் அவரும் படித்திருக்கிறாராம். நான் கண்ணை மூடித் திறந்தபோதே என்ன நடக்கப் போகிறதென்று தெரிந்துவிட்டதாம்.

“அப்ப நீங்களாவது சொல்லியிருக்கலாமே சேர்” என்றேன். “வாங்க, இப்ப போய் ரெண்டு பேருமா உண்மையச் சொல்லுவோம்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு திரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

“தம்பி, உண்மைய நான் வருஷம் முழுக்க பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்குறேன். இங்க எனக்கு உங்க அக்கா வேணும். கல்யாணம் முடியும் வரைக்கும் தயவு செஞ்சி சாமியாவே இருங்க.”

இருந்தேன். வேறு வழி? மாமா தெல்தோட்டை முழுக்கச் செய்தியைப் பரப்பியிருந்தார். யார் யாரோ குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கிக் கடையைத் தேடி வந்தார்கள். ஒருவருக்குக் காணாமல் போன மாடு, ஒருவருக்கு மகனின் வெளிநாட்டுப் பயணம். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் அடக்கமான பிள்ளை என்றார்கள். கல்யாணத்தன்று மண்டபத்தின் பின்பக்கத்தில் எனக்காகத் தனியாக ஒரு கதிரை போட்டிருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியைவிட அந்தப் பக்கம் கூட்டம். எனக்குப் பாயாசம் கிடைக்கவில்லை. அக்கா மணவறையிலிருந்து என்னைப் பார்த்து, பெண் பார்த்த அன்று நான் மீறிய சத்தியத்தையெல்லாம் மன்னித்துவிட்ட மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பு போதும் என்று பட்டினியோடு குறி சொன்னேன்.

புத்தகத்தின் மீதியை அதற்குப் பிறகுதான் படித்தேன். கடைசி அத்தியாயம் முழுக்க ஒரே விஷயம்: ஊரைச் சந்தேகிக்கும் முன் உன்னைச் சந்தேகி, உன் கெட்டித்தனத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் சந்தேகி. இதை முதல் அத்தியாயமாக வைத்திருந்தால் என்ன என்று எழுதியவர்மேல் கோபம் வந்தது. ஃபஸ்மியிடம் வாவிக்கரையில் வைத்து முழுக் கதையையும் சொன்னேன். சோற்றுப் பார்சல் தண்ணீரில் விழும் அளவுக்குச் சிரித்தான். மீன்களுக்கு அன்று விருந்து. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“நான் இதெல்லாம் நம்புற ஆள் இல்லன்னு ஒனக்குத் தெரியும்” என்றான். “சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன் மச்சான். எனக்கு கட்டார் விசா வருமா?”

வரும் என்றேன். வந்தது. போய்விட்டான். (இப்படி ஒரு குறி பலிக்காமலே போயிருக்கலாம் என்று அதன்பின் பல மத்தியானங்களில் நினைத்திருக்கிறேன்.) இப்போதும் அங்கிருந்து போனில் நல்ல புத்தகங்களைச் சொல்லியனுப்புகிறான். வாங்கிக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். துணிக்கடை இருந்த இடத்தில் இப்போது போன் கடை. வாவியின் கரைக்கட்டின்மேல் எப்போதாவது தனியாகப் போய் உட்காருவேன்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் இரண்டு பிள்ளைகள். இருவரும் என்னைச் சாமி மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அத்தானே சொல்லிக் கொடுத்தது. எங்கள் அம்மா இனிப்புச் சாப்பிடக் கூடாதென்று டொக்டர் சொல்லியிருக்கிறார். நான் தற்செயலாக அவள் பக்கம் திரும்பினால் போதும், என்னப் பாக்காதடா என்று சொல்லிக்கொண்டே லட்டைத் திரும்ப டின்னுக்குள் வைத்துவிடுகிறாள்.

போன வருஷம் தெல்தோட்டையில் அத்தான் புது வீடு கட்டி முடித்தார். லெட்சுமி அம்மாவுக்கு இப்போது வயதாகிவிட்டது, காது மட்டும் துல்லியம். அவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து, அந்த அத்தியாயத்தை ஆதியோடந்தமாக விளக்கினேன். எல்லாருக்கும் பொருந்தும் வாக்கியங்கள், உற்றுப் பார்ப்பது, மெதுவாகப் பேசுவது, எல்லாம். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பொஸ்தகத்த எத்தனையோ பேரு படிச்சிருப்பாங்க தம்பி. எங்க வீட்டு விஷயம் ஒங்க வாயிலதானே வந்திச்சி.”

பிறகு, புது வீட்டுல பால் காய்ச்ச ஒரு நாள் சொல்லுங்க என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், எல்லாருக்கும் லீவு என்றேன். அந்த வாரம் முழுக்கத் தெல்தோட்டையில் விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெயிலடித்தது. அதையும் என் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார்கள்.